அந்த ஸ்க்ரூவை விட்டுடுங்க சாமி!

"ஷவர்ல தண்ணி சரியா வரல"ன்னு கால்வாய்க் கரையில நின்னு சத்தமா சொல்லிப் பாருங்க. வரிசையா கட்டியிருக்கிற அத்தனை படகுலேர்ந்தும் தலை வெளிய வரும். அத்தனை தலையும் ஒரே பதில்தான் சொல்லும். "பம்ப் தலையில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும் பாரு, வலப்பக்கமா ஒரு சுத்து திருகு. பிரஷர் பிச்சுக்கிட்டு வரும்."

இந்தப் பதிவு அந்த ஒரு சுத்துக்கு எதிரானது. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். என் கட்சி இதுதான்: தண்ணி ஒழுங்கா வராததுக்கு அந்த ஸ்க்ரூ காரணமா இருக்கறது ரொம்ப அபூர்வம். அதைத் திருகினா பல நேரம் வியாதி அப்படியே இருக்கும், கூட ரெண்டு புது வியாதி சேரும். அதுல ஒண்ணு படகையே உள்ளேயிருந்து தின்னும்.

படகு, பம்புன்னதும் கட்டுமரம், எஞ்சின் போட்ட வள்ளம்னு நினைச்சுக்காதீங்க. நான் பேசறது இங்கிலாந்துக் கால்வாய்ல ஓடற நாரோபோட் பத்தி. அகலம் 7 அடிக்கும் கம்மி, நீளம் 70 அடி வரைக்கும் போகும். ஒரு காலத்துல குதிரை இழுத்து நிலக்கரி சுமந்த ஜாதி. இன்னைக்கு லண்டன் வாடகைக்கு பயந்து அதுலயே குடும்பம் நடத்தற ஆளுங்க நிறைய. சமையல்கட்டு, கட்டில், ஷவர், வாஷ்பேசின் எல்லாம் உண்டு. மாநகராட்சித் தண்ணி மட்டும் கிடையாது. கரையோரக் குழாய்ல ஹோஸ் போட்டு, முன்பக்கம் இருக்கிற சில நூறு லிட்டர் டாங்கை ரொப்பிக்கணும். தீர்ந்து போச்சுன்னா மணிக்கு 4 மைலுக்கு மேல போகக்கூடாத கால்வாய்ல உருட்டிக்கிட்டு அடுத்த குழாய் வரைக்கும் போகணும். ஆக ஒவ்வொரு லிட்டருக்கும் மதிப்பு உண்டு.

அந்த டாங்க் படகோட அடியில இருக்கிறதால புவியீர்ப்பை நம்பி ஷவர் வராது. அதனால ஒரு 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். அதுக்கு மேல ஒரு பிரஷர் ஸ்விட்ச். குழாயைத் திறந்தா பைப்ல அழுத்தம் இறங்கும், ஒரு அளவுக்குக் கீழ போனதும் ஸ்விட்ச் பம்பை ஓட விடும். இது கட்-இன். குழாயை மூடினா அழுத்தம் ஏறும், மேல் அளவைத் தொட்டதும் பம்பை நிறுத்தும். இது கட்-அவுட். உதாரணத்துக்கு 1.4 பார்ல ஆரம்பிச்சு 2.1 பார்ல நிக்கும்னு வச்சுக்குங்க. 2.1 பார்னா சுமார் 30 பிஎஸ்ஐ. நம்ம சர்ச்சைக்குரிய ஸ்க்ரூ இந்த ரெண்டு அளவையும் சேர்த்து மேல தள்ளும், அவ்வளவுதான் அதோட வேலை.

இப்ப முதல் கேள்வி. ஷவரை முழுசா திறந்துட்டு நிக்கறீங்க. பம்ப் "டுர்ர்ர்"னு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. தண்ணி மட்டும் நூலா வருது. இந்த நேரத்துல பைப்ல அழுத்தம் எவ்வளவு? கட்-அவுட்டுக்குக் கீழதானே? அதனாலதானே பம்ப் நிக்கல? அப்ப அந்த ஸ்விட்ச் என்ன வேலை செஞ்சுக்கிட்டிருக்கு? ஒண்ணுமே இல்ல! "ஓடு"ன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருக்கு. எப்ப நிறுத்தணும்கிற எல்லையை இன்னும் ஒசத்தி வச்சா, ஏற்கெனவே நிக்காம ஓடற பம்ப் கூடுதலா என்ன கிழிச்சுடும்? லோடு தாங்காம சர்வர் திணறும்போது டைம்-அவுட்டை 30 செகண்ட்லேர்ந்து 60 ஆக்கற மாதிரி. நம்மள்ல பாதிப் பேருக்கு இது பரிச்சயமான வைத்தியம் :-)

அதனால கையை நீட்டறதுக்கு முன்னாடி காதை நீட்டுங்க. பம்ப் விடாம ஓடி தண்ணி கம்மியா வந்தா, சிக்கல் பம்புக்கு முன்னாடியோ பம்புலயோ கரண்ட்லயோ இருக்கு. பம்ப் "டுர்... டுர்... டுர்..."னு விட்டு விட்டு ஓடி, ஷவரும் கூடவே விக்கினா, பம்ப் குடுக்கறதை வெளிய விட மாட்டேங்குது ஏதோ ஒண்ணு. இல்லேன்னா அக்யூமுலேட்டர் செத்துப் போயிருக்கு. ரெண்டுக்கும் ஸ்க்ரூ மருந்து இல்ல.

அக்யூமுலேட்டர் பேச்சு வந்ததால ரெண்டாவது பாயின்ட்டுக்கு வர்றேன். ஸ்க்ரூ கோஷ்டி பதில் சொல்லவே முடியாத இடம் இதுன்னு நினைக்கறேன்.

அக்யூமுலேட்டர்ங்கறது ஒரு சின்ன டப்பா. உள்ளே ரப்பர் பை, பைக்கு ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் காத்து. பம்ப் நின்னிருக்கும்போது நீங்க கை கழுவினா, அமுங்கியிருக்கிற காத்து தண்ணியைத் தள்ளும். டம்ளர் தண்ணிக்கெல்லாம் பம்ப் எழுந்திருக்க வேண்டியதில்ல. இந்தக் காத்தை கட்-இன் அளவுக்குக் கொஞ்சம் கீழ, ஒரு 2 பிஎஸ்ஐ கம்மியா வைக்கணும்கிறது வழக்கம்.

பாயில் விதி ஞாபகம் இருக்கா? பிளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ணிட்டு மறந்தது. 8 லிட்டர் டப்பா, காத்து 1.3 பார், கட்-இன் 1.4, கட்-அவுட் 2.1. காத்து மண்டல அழுத்தம் 1 பாரையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, கட்-இன்ல காத்து பிடிக்கிற இடம் 7.67 லிட்டர், கட்-அவுட்ல 5.94 லிட்டர். வித்தியாசம் சுமார் 1.7 லிட்டர். அதாவது ஒவ்வொரு தடவை பம்ப் நின்ன பிறகும் 1.7 லிட்டர் தண்ணி சத்தமில்லாம கிடைக்கும்.

இப்ப "ஒரு சுத்து" திருகறோம். கட்-இன் 2.1, கட்-அவுட் 2.8 ஆயிடுச்சுன்னு வைங்க. காத்தை யாரும் தொடல, அது 1.3 பார்லயே இருக்கு. மறுபடி அதே கணக்கு. 5.94 லிட்டர், 4.84 லிட்டர். வித்தியாசம் 1.1 லிட்டர்!

1.7 இருந்தது 1.1 ஆயிடுச்சு. பம்ப் முன்னைவிட அடிக்கடி எழுந்து எழுந்து ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது பாத்ரூம் போனா படகு முழுக்க முழிச்சுக்கும். ஸ்விட்ச் முனைகள் சீக்கிரம் கருகும். "விட்டு விட்டு ஓடுதே"ன்னு ஸ்க்ரூவைத் திருகினவருக்கு இன்னும் அதிகமா விட்டு விட்டு ஓடும். அவர் என்ன செய்வார்? இன்னொரு சுத்து திருகுவார்.

மூணாவது, வெந்நீர். படகுல எஞ்சின் சூட்டை வச்சு தண்ணி காய்ச்சற ஒரு சிலிண்டர் இருக்கும். காலரிஃபையர்னு பேரு. 55 லிட்டர் தண்ணியை 10 டிகிரியிலேர்ந்து 70 டிகிரிக்குக் கொண்டு போனா சுமார் 1.2 லிட்டர் விரியும். பம்புக்குள்ள ஒரு வழி வால்வு இருக்கிறதால விரியற தண்ணி டாங்குக்குத் திரும்பாது. வெந்நீருக்குன்னு தனியா விரிவு டாங்க் வச்சிருக்கிற படகு தப்பிச்சுக்கும். அது இல்லாம, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி வால்வும் இல்லாத படகுல அந்த 1.2 லிட்டரையும் நம்ம அக்யூமுலேட்டர்தான் வாங்கிக்கணும்.

பழைய செட்டிங்ல வாங்கிக்கும். கணக்குப் போட்டா அழுத்தம் 2.9 பார் வரைக்கும் போய் நிக்கும். காலரிஃபையர்ல இருக்கிற பாதுகாப்பு வால்வு பெரும்பாலும் 3 பார்ல திறக்கறது. நூலிழையில தப்பிச்சாச்சு. திருகின செட்டிங்ல? 4 பாரைத் தாண்டணும், ஆனா தாண்டாது, ஏன்னா 3 பார்லயே வால்வு திறந்துக்கும். எஞ்சின் ஓடற ஒவ்வொரு நாளும் அந்த வால்வு சொட்டும். சொட்டற தண்ணிக்கு ஒழுங்கா பைப் போட்டு வெளிய விட்டிருந்தா டாங்க் தண்ணியும், அதைக் காய்ச்சின சூடும்தான் நஷ்டம். விடலேன்னா நேரா பில்ஜுக்கு, அதாவது படகோட அடிவயித்துக்குப் போகும்.

இங்கதான் விஷயம் விளையாட்டு இல்லாம போகுது. இப்ப வர்ற நாரோபோட்ல அடித்தகடு பொதுவா 10 மில்லிமீட்டர் எஃகு, பக்கத்தகடு 6 மில்லிமீட்டர். வெளிப்பக்கத்துக்கு சில வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேத்தி கறுப்புப் பூச்சு அடிப்பாங்க. உள்பக்கம்? தரைப்பலகைக்குக் கீழ பாரத்துக்கு அடுக்கின கல்லும், அதுக்குக் கீழ எஃகும். அங்க தண்ணி தேங்கினா பாக்கறதுக்கு ஆள் இல்ல. எஞ்சின் அறையில இருக்கிற தானியங்கி பில்ஜ் பம்புக்கும் பல படகுல இந்தப் பகுதிக்கும் சம்பந்தமே கிடையாது. எஃகு சத்தமில்லாம துருப்பிடிக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பதி படகுல இதேதான் நடந்தது. ஷவர் சரியில்லைன்னு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க. வந்தார், திருகினார், காசு வாங்கினார், போனார். முதல் வாரம் ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் டாங்க் சீக்கிரம் காலியாகற மாதிரி ஒரு சந்தேகம். ஊர்லேர்ந்து விருந்தாளி வந்திருக்காங்க, அதனாலதான்னு விட்டுட்டாங்க. சில மாசம் கழிச்சு கட்டிலுக்குக் கீழ பலகை ஊறி மெத்துன்னு ஆனப்புறம்தான் பிரிச்சுப் பாத்தாங்க. கல்லெல்லாம் ஈரம், அடியில செங்காவி நிறத்துல தண்ணி. வாளி வாளியா அள்ளி, கல்லை ஒவ்வொண்ணா வெளிய எடுத்து, காய வச்சு, சுரண்டி, பெயின்ட் அடிச்சு... ஒரு வாடகை வீட்டுக்காரனுக்கு இது "பைப் லீக்". சேமிப்பு மொத்தத்தையும் அந்த எஃகுல போட்டவங்களுக்கு இது வீட்டோட அஸ்திவாரம்.

சொட்டறதாவது பரவாயில்ல. கூடுதல் அழுத்தத்துல ஒரு பழைய தள்ளு-இணைப்பு கழண்டுக்கிச்சுன்னா, பம்புக்கு அது குழாய் திறந்திருக்குன்னுதான் தெரியும். கடமை தவறாத ஊழியன் மாதிரி இறைச்சுக்கிட்டே இருக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா 400 லிட்டர் டாங்க் 40 நிமிஷத்துல காலி, மொத்தமும் உங்க கட்டிலுக்குக் கீழ. நீங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பீங்க. இதனாலதான் படகை விட்டு இறங்கும்போது பம்ப் ஸ்விட்சை அணைச்சுட்டு இறங்குன்னு பெரியவங்க சொல்றது. அதையும் பாதிப் பேர் செய்யறதில்ல, அது தனிப் பதிவு.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேப்போம். "தம்பி, நான் திருகினேன், நிஜமாவே நல்லா வந்துச்சே?" வந்திருக்கும், இல்லேங்கல. குழாயைக் கம்மியா திறந்து, பம்ப் நின்னு நின்னு ஓடற நிலையில அழுத்தம் ஏறினா ஓட்டமும் ஏறும். ஆனா எவ்வளவு? ஓட்டம் அழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.1 லேர்ந்து 2.8, அதாவது அழுத்தம் மூணுல ஒரு பங்கு கூடினா தண்ணி கூடறது சுமார் 15 சதவீதம்தான். அந்த 15 சதவீதத்துக்கு பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், டாங்க் சீக்கிரம் காலியாகும், பைப் இணைப்பு ஒவ்வொண்ணும் நாள் முழுக்க, நீங்க தூங்கும்போதும், கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு, பேட்டரி இறங்கின ராத்திரியில பம்பால அந்தப் புது உச்சத்தைத் தொடவே முடியாம போகலாம். அப்ப குழாயெல்லாம் மூடியிருந்தாலும் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும்.

"2.1 பார் பத்தாது தம்பி"ன்னு இன்னொரு குரல். ஐயா, 10 மீட்டர் உயரத் தண்ணி 1 பார். நாரோபோட்ல ஷவர் தலை பம்பை விட 2 மீட்டர் உசரத்துல இருந்தா அதுக்குப் போறது 0.2 பார்தான். ஊர்ல மொட்டைமாடி டாங்க் ஷவருக்கு 4 மீட்டர் மேல இருந்தா கிடைக்கிறதே 0.4 பார். அதுல குளிச்சு வளர்ந்த நாம அஞ்சு மடங்கு அழுத்தத்தைப் பாத்து பத்தலேங்கறோம். அழுத்தம் எங்கேயோ வழியில தொலைஞ்சு போகுது. தொலைஞ்ச இடத்துலதான் தேடணும்.

எங்க தேடறது? திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காதுல்ல, இந்தாங்க வரிசை.

1. பம்புக்கு முன்னாடி இருக்கிற வடிகட்டி. டாங்க் தூசியும் பெயின்ட் பொருக்கும் அதுலதான் அடையும். கழட்டிக் கழுவ அஞ்சு நிமிஷம்.

2. ஷவர் தலையும் குழாய் முனை வலையும். தென் இங்கிலாந்துத் தண்ணி ஏகத்துக்கும் சுண்ணாம்பு. ஷவர் தலையைக் கழட்டிட்டு வெறும் ஹோஸ்ல தண்ணி பாய்ஞ்சு வந்தா கேஸ் முடிஞ்சது. வினிகர்ல ஊறப் போடுங்க.

3. பம்ப் முனையில வோல்டேஜ். இதைத்தான் யாருமே பாக்கறதில்ல! டாங்க் படகோட முன்னாடி, பேட்டரி பின்னாடி எஞ்சின்கிட்ட. 57 அடிப் படகுல வயர் ஒரு பக்கம் மட்டுமே 15 மீட்டர் போகும், போக வர 30. பம்ப் 8 ஆம்பியர் இழுக்கறதுன்னு வைங்க. வயர் 2.5 சதுர மில்லிமீட்டரா இருந்தா வழியிலேயே 1.65 வோல்ட் காணாம போகும். பேட்டரியில 12.5, பம்புக்கு 10.85. மோட்டார் வேகம் வோல்டேஜ் பின்னாடியே இறங்கும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டா இழப்பு 0.4 வோல்ட்தான். குழாயைத் திறந்து பம்ப் ஓடும்போது அளக்கணும். ஓடாதப்ப அளந்தா மீட்டர் 12.5ன்னு உங்களை ஏமாத்தும்.

4. அக்யூமுலேட்டர் காத்து. பம்பை அணைச்சு, குழாயைத் திறந்து, தண்ணி நின்ன பிறகு அளக்கணும். கார் டயர் மாதிரியே வால்வு, கார் டயர் மீட்டரே போதும். வால்வு ஊசியை அமுக்கினா காத்துக்குப் பதிலா தண்ணி வந்தா ரப்பர் பை கிழிஞ்சாச்சு, மாத்துங்க.

5. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் அப்பப்ப ஒரு தடவை உறுமுதா? எங்கேயோ கசிவு, இல்லேன்னா பம்ப் வால்வு தேய்ஞ்சிருக்கு. தேடிப் பிடிக்காம அடுத்த வேலைக்குப் போகாதீங்க.

6. இத்தனையும் பாத்த பிறகும் திருப்தி இல்லையா? இப்ப ஸ்க்ரூ. பைப்ல ஒரு பிரஷர் மீட்டர் மாட்டி, உற்பத்தியாளர் குறிப்பைப் படிச்சு, கால் சுத்து. மீட்டரைப் பாருங்க. பாதுகாப்பு வால்வு அளவுக்குக் கிட்ட போகாதீங்க. கட்-இன் நகர்ந்திருந்தா அக்யூமுலேட்டர் காத்தையும் அதுக்கேத்த மாதிரி ஏத்துங்க.

மீட்டர் இல்லாம திருகறவரை நான் மெக்கானிக்னு ஒத்துக்க மாட்டேன். பிபி பாக்காம மாத்திரையை ரெண்டா ஆக்கற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

பின்ன ஏன் எல்லாரும் ஸ்க்ரூவையே சொல்றாங்க? கண்ணுக்குத் தெரியறது அது ஒண்ணுதான். வயர்ல தொலையற வோல்ட் கண்ணுக்குத் தெரியாது, டப்பாவுக்குள்ள இறங்கின காத்தும் தெரியாது. வடிகட்டி எங்கயோ இருட்டு மூலையில இருக்கு, முட்டி போட்டுப் போகணும். ஸ்க்ரூ மட்டும் பம்ப் நெத்தியில பொட்டு மாதிரி உக்காந்துக்கிட்டு "வா, வந்து திருகு"ங்குது. திருகினா ரெண்டே செகண்ட்ல ஏதோ ஒரு மாற்றமும் தெரியும், திருகினவருக்கு வித்தகர் பட்டமும் கிடைக்கும். சொட்ட ஆரம்பிக்கிறது ஒரு மாசம் கழிச்சு. அப்ப அவர் அடுத்த ஊர்ல படகைக் கட்டிட்டு, அங்க இன்னொருத்தருக்கு இதே யோசனையைச் சொல்லிக்கிட்டிருப்பார். அவரோட யோசனைக்கு விலை குடுக்கறது உங்க வீட்டு எஃகு.

டிஸ்கி 1: வேகத்தைத் தானே கூட்டிக் குறைச்சுக்கிற புது வகை பம்ப் வச்சிருக்கிறவங்க, மேல சொன்ன அக்யூமுலேட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்க வேண்டாம். அந்த வகையில பலதுக்கு அக்யூமுலேட்டரே வேண்டாம்னு உற்பத்தியாளரே சொல்லுவார். குறிப்பைப் படிங்க.

டிஸ்கி 2: "எங்க படகுல ரெண்டு சுத்து திருகி அஞ்சு வருஷமாச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு பின்னூட்டம் போட வர்ற அன்பர்கள், போடறதுக்கு முன்னாடி தரைப்பலகையை ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டு வரவும். காத்துக்கிட்டிருக்கேன் :-)